சோக் கோளாறும் சைலன்சர் புகையும்: பழைய வண்டியை வரிசையாகச் சோதிக்கும் முழு வழிகாட்டி

பாலக்கோடு சுற்றுவட்டாரத்தில் இருந்து "வண்டி புகை அடிக்குது" என்று எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பத்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். வந்து நிற்கும்போது என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும். காலையில் வீட்டு வாசலில் வந்த புகை இப்போது வராது. இப்போது வருகிற புகை காலையில் வந்ததாக இருக்காது. அதை வைத்துக்கொண்டு யாராவது "ரிங் போச்சு, போர் போடணும்" (பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைய வேண்டும்) என்று சொன்னால் அது ஊகம்தான்.

அதனால் இந்தச் சோதனையை வண்டிக்காரரே தன் வீட்டில் செய்வது நல்லது. இரவு முழுக்க நின்று குளிர்ந்த என்ஜினின் முதல் ஐந்து நிமிடத்தில்தான் பாதி விடை கிடைக்கும். மீதியை வரிசை தவறாமல் பார்த்துக்கொண்டு போனால் கண்டுபிடித்துவிடலாம்.

வரிசையில் சோக் (குளிர்ந்த என்ஜின் கிளம்பக் கூடுதல் பெட்ரோல் தரும் அமைப்பு) முதலில், புகை அப்புறம். சோக் முழுதாகத் திறக்காத வண்டியில் பெட்ரோல் தேவைக்கு மேல் இறங்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே போய் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போனதும் ரிங் தேயும், நீலப்புகை வரும். சோக்கைக் கவனிக்காமல் ரிங்கை மட்டும் மாற்றினால் புது ரிங்கும் அதே வழியில் போகும்.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டிகளுக்கானது இது: ஸ்பிளெண்டர், சிடி 100, ஆர்எக்ஸ் 100, சேடக், டிவிஎஸ் எக்ஸ்எல், பழைய மாருதி 800, அம்பாசடர். டீசல் ஜீப், டெம்போ வைத்திருப்பவர்களுக்கு 10ஆம் பகுதி.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், திருப்புளி, டார்ச், பழைய வெள்ளை வேட்டித் துணி இரண்டு துண்டு, மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் பாட்டில், ஒரு நோட்டு. பிளக் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது.

நோட்டு எதற்கு என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். எத்தனை கிக்கில் ஸ்டார்ட் ஆனது, புகை எத்தனை நிமிடம் நின்றது என்பதெல்லாம் இரண்டு நாளில் மறந்துவிடும். ஒரு பாகத்தை மாற்றியபின் பழைய கணக்கோடு ஒப்பிட்டால்தான் உண்மையில் தேறியதா என்று தெரியும்.

வண்டியை வெட்டவெளியில் நிறுத்துங்கள். திண்ணை ஓரம், ஷெட், கதவு சாத்திய போர்டிகோ எதுவும் வேண்டாம். பெட்ரோல் கூடுதலாக எரியும் என்ஜினில் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் ஆளையே மயக்கிப் போட்டுவிடும்.

2. முதல் நாள் இரவு செய்ய வேண்டியது

என்ஜின் ஆயிலைப் பாருங்கள் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இது பொருந்தாது, அதற்கு 9ஆம் பகுதி). வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் அளவுக்குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுக்க வேண்டும். திருகிவிட்டு எடுத்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், ஆயில் குறைந்தது தெரியாமல் போய்விடும்.

குச்சியை மூக்கருகே கொண்டு போய் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் அளவு ஏறியிருந்தாலோ கார்புரேட்டர் பெட்ரோலை உள்ளே கசிய விடுகிறது. அந்த ஆயிலை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டக் கூடாது. முதலில் 6ஆம் பகுதியில் சொல்லும் கசிவைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஆயிலை மாற்றுங்கள். வரிசை மாறினால் புது ஆயிலும் ஒரே வாரத்தில் கெட்டுவிடும்.

ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருப்பதும் கோளாறுதான். கூடுதல் ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஏறி, அங்கிருந்து எரிய வந்துவிடும். நீலப்புகை என்று ரிங் மாற்றக் கொண்டு வந்த வண்டிகளில், ஆயில் அளவைக் குறைத்ததும் புகை நின்றவற்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு வண்டியை விட்டுவிடுங்கள். காலை வரை யாரும் கிக்கரைத் தொடக் கூடாது.

3. உங்கள் வண்டியில் எந்த வகை சோக் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெட்ரோலும் காற்றும் எடைக் கணக்கில் ஒன்றுக்குப் பதினான்கே முக்கால் அளவில் சேர்ந்தால் முழுதாக எரியும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. கார்புரேட்டர் அனுப்பியதில் பாதி, துளியாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கொஞ்ச நேரம் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவதுதான் சோக்கின் வேலை. அதைச் செய்ய மூன்று வழி உண்டு. மூன்றுக்கும் சோதிக்கிற முறை வேறு.

ஒன்று, தகடு. கார்புரேட்டர் வாயில் ஒரு தகடு சாய்ந்து காற்றை மறிக்கும். ஸ்பிளெண்டர், மாருதி 800 இந்த வகை. மாருதியில் டாஷ்போர்டு குமிழை இழுத்தால் கேபிள் தகட்டைச் சாய்க்கும்.

இரண்டு, தனி ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை). காற்றை மறிக்காமல், சின்ன பிளஞ்சர் ஒன்று தூக்கிக்கொண்டு கூடுதல் பெட்ரோலுக்கு வழி விடும். ஆர்எக்ஸ் 100, சேடக் இந்த வகை. சேடக்கில் சீட்டுக்கு அடியில் இருக்கும் குமிழ் இதைத்தான் தூக்குகிறது.

மூன்று, ஆட்டோ சோக். சில ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் மேல் ஒரு குப்பி இருக்கும். என்ஜின் ஓடும்போது கரண்ட் பாய்ந்து உள்ளிருக்கும் மெழுகு சூடாகி விரியும். அது ஊசியைத் தள்ளிக் கூடுதல் பெட்ரோலை மெதுவாக அடைக்கும்.

தனி ஜெட் வகையில் பலரும் செய்கிற தவறு, சோக் போட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்கிக் கிக் அடிப்பது. இந்த ஜெட் பெட்ரோலை உறிஞ்ச, ஆக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் போதிய இழுவை கிடைக்கும். முறுக்கினால் இழுவை போய்விடும், சோக் போட்டும் போடாத கதைதான். "சோக் வேலை செய்யல" என்று வருகிற ஆர்எக்ஸ்களில் பாதிக்கு, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு அடித்தால் இரண்டாவது கிக்கில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

4. காலையில் முதல் ஸ்டார்ட்

பெட்ரோல் டேப்பைத் திறந்து அரை நிமிடம் விடுங்கள், கார்புரேட்டர் கிண்ணம் நிறையட்டும். சைலன்சர் முனைக்குப் பின்னால் கறுப்பான சுவரோ மரமோ இருக்கும்படி வண்டியை நிறுத்தி, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். வெளிச்சத்தை எதிர்த்துப் பார்த்தால் நீலப்புகை பழுப்பாகத் தெரியும். நிறத்தைத் தப்பாகச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

முதலில் சோக் போடாமல் மூன்று கிக். ஸ்டார்ட் ஆகிவிட்டதா? நம் ஊர் மார்கழிப் பனியில், அதிலும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பக்கம், குளிர்ந்த பழைய வண்டி சோக் இல்லாமல் முதல் கிக்கில் கிளம்பினால் சந்தோஷப்படாதீர்கள். சோக் ஏற்கெனவே பாதி விழுந்து கிடக்கலாம், அல்லது கார்புரேட்டர் வழிகிறது. சித்திரை வெயிலில் என்றால் அது சாதாரணம்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் சோக்கை முழுதாகப் போட்டு மறுபடி மூன்று கிக். இப்போது ஸ்டார்ட் ஆனால் சோக் போடுவதில் குறையில்லை. எடுக்கும்போது முழுதாக எடுபடுகிறதா என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

சோக் போட்டும் ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. டேப், ஜெட், சோக் வழி இவற்றில் எங்கோ அடைப்பு. இந்த ஒரு பார்வை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். இதைப் பார்க்காமல் இருபது, முப்பது கிக் அடித்து என்ஜினைப் பெட்ரோலில் மூழ்கடித்துவிட்டு, அப்புறம் எதனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராலும் சொல்ல முடியாத நிலைக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் ஆனதும் நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். முதல் நொடியில் வந்த புகையின் நிறம், அது எத்தனை நிமிடத்தில் நின்றது, சோக்கை எடுத்தபின் என்ஜின் தானாக நின்றதா ஓடியதா.

5. சோக் உண்மையில் திறந்து மூடுகிறதா

கைப்பிடியில் லிவர் திரும்பிவிட்டது என்பதால் கார்புரேட்டரில் தகடு திரும்பிவிட்டது என்று நம்பக் கூடாது. கேபிள் துருப்பிடித்து உள்ளே சிக்கினால் லிவர் மட்டும் ஆடும்.

தகடு வகையில் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சோக் போட்டால் வாய் மூட வேண்டும். எடுத்தால் தகடு காற்று போகும் திசைக்கு நேராக, விளிம்பு மட்டும் தெரியும்படி நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் காற்று குறையும், கரும்புகை வரும். மாருதியில் ஏர் கிளீனர் மூடியைத் திறந்தாலே தகடு தெரியும். ஒருவர் உள்ளே குமிழை இழுக்கட்டும், இன்னொருவர் பார்க்கட்டும். தனி ஆளாகப் பார்த்தால், குமிழ் தானாக வெளியே நழுவி வருகிறதா என்பது தெரியாது.

தனி ஜெட் வகையில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிளஞ்சரைக் கழற்றி அடிப்பக்க ரப்பரைப் பாருங்கள். அதில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மூடவே மூடாது. கேபிளுக்குத் துளி தளர்வு வேண்டும். தளர்வே இல்லாமல் விறைப்பாகக் கட்டியிருந்தால் பிளஞ்சர் மயிரிழை தூக்கியபடியே நிற்கும். வண்டி நாள் முழுக்கப் பெட்ரோல் குடிக்கும். புதுக் கேபிள் மாற்றிய மறுநாளே மைலேஜ் விழுந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

ஆட்டோ சோக் என்றால், ஐந்து நிமிடம் ஓடியபின் அந்தக் குப்பியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இல்லை என்றால் கரண்ட் வரவில்லை. வண்டி கழுவும்போது ஒயர் கழன்றுவிடுவது வழக்கம். ஒயர் கழன்ற சோக் எப்போதும் போட்டபடியே இருக்கும்.

இப்போது என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஸ்லோவில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும் நிலையில்) விட்டு, சோக்கை மெதுவாகப் போடுங்கள். என்ஜின் திணறி நிற்கப் பார்த்தால் கலவை சரி, சோக்கும் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லை என்றால் சோக் செத்துக் கிடக்கிறது. சோக் போட்டதும் ஓட்டம் நன்றானால் சூடான என்ஜினுக்கே பெட்ரோல் போதவில்லை. அதாவது ஸ்லோ ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்துக் காற்று புகுகிறது. அந்த ரப்பரைச் சுற்றித் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பாதி வண்டிகள் இந்தச் சோதனையில் சிக்கிவிடும். சோக் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள், "சோக் எடுத்தா ஆஃப் ஆகுது" என்பார்கள். அவர்கள் சோக்கைப் பழிக்கிறார்கள், கோளாறு ஸ்லோ ஜெட்டில் இருக்கிறது.

6. காற்று வழியும் பெட்ரோல் வழியும்

சோக் சரி என்று தெரிந்தபிறகு ஏர் ஃபில்டர். கிருஷ்ணகிரி பக்கம் கல்குவாரி, கிரஷர் வழியாகத் தினமும் போகிற வண்டிக்கு, கையேட்டில் எழுதிய கிலோமீட்டர் வரை காத்திருக்க முடியாது. கிரானைட் தூள் மாவு போல இறங்கி ஃபில்டரை அடைத்துவிடும். அடைத்த ஃபில்டரும் பாதி போட்ட சோக்கும் என்ஜினுக்கு ஒன்றுதான், இரண்டும் காற்றைக் குறைக்கின்றன. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிமிடம் ஓட விடுங்கள். கரும்புகை குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஃபில்டர் இல்லாமல் ரோட்டில் ஓட்டாதீர்கள். அந்தத் தூள் உள்ளே போனால் போர், ரிங் இரண்டையும் அரைத்துவிடும்.

அடுத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்திப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாக நின்றால் தண்ணீர். 2023இல் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் கிடைக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டிகளில் இது சகஜம்.

எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு என்பதால், பழைய ஜெட் அளவுக்குக் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும். முன்பு சோக் தேவைப்படாத வண்டிக்கு இப்போது காலையில் தேவைப்பட்டால் அதனாலும் இருக்கலாம். பழைய ரப்பர் குழாய், ஊசி முனை ரப்பர் எல்லாம் ஊறிப் போகும். இவற்றை ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

டேப்பைத் திறந்து வைத்துக் கீழ்க் குழாயில் பெட்ரோல் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால் ஃப்ளோட் (கிண்ணம் நிறைந்ததும் ஊசியைத் தள்ளிப் பெட்ரோலை அடைக்கும் மிதவை) ஊசி உட்காரவில்லை. ஊசி முனையில் கோடு விழுந்திருக்கும், அல்லது ஃப்ளோட் ஓட்டையாகிப் பெட்ரோல் நிறைந்திருக்கும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கும்.

ஜெட் அடைத்திருந்தால் காற்றடித்தும் கிளீனர் ஊற்றியும் எடுங்கள். கம்பி, ஊசி, கிட்டார் நரம்பு எதையும் விடாதீர்கள். ஜெட் பித்தளை. கம்பி இரண்டு முறை போய் வந்தால் துளை பெரிதாகிவிடும். அப்புறம் எந்த டியூனிங்கிலும் அந்த வண்டி மைலேஜ் தராது. தென்னங்குச்சி பரவாயில்லை என்பார்கள். அதன் முனை உள்ளே முறிந்து நின்ற கார்புரேட்டர்கள் எங்களிடம் வந்திருக்கின்றன.

ஸ்லோ கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். ஐடிஐ முடித்து வருகிற பையன்கள் முதலில் கை வைப்பது இதில்தான். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, வெளியே திருகினால் கலவை மெலியும். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருகினால் கூடும். ஆர்எக்ஸில் பழகிய கையோடு ஸ்பிளெண்டரைத் திருகினால் எல்லாம் தலைகீழாகும். திருகுவதற்கு முன் இப்போது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஓசூர் மேடு கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர். தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான். மேலே காற்று லேசு, அதனால் கலவையில் பெட்ரோல் பங்கு கூடும். கீழே டியூன் செய்த வண்டி மேலே போய்க் கொஞ்சம் கரி கட்டுவதும், மேலே டியூன் செய்தது இறங்கி வந்து திணறுவதும் இதனால்தான். வண்டி எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே டியூன் செய்யுங்கள்.

7. பிளக்கைப் படிப்பது

நான்கைந்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டி, ஸ்லோவில் விடாமல் சுவிட்சை அணைத்து நிறுத்துங்கள். ஸ்லோவில் ஐந்து நிமிடம் நின்ற பிளக் எந்த வண்டியிலும் கறுப்பாகத்தான் இருக்கும், அது எதையும் சொல்லாது. சூடு ஆறியதும் கழற்றுங்கள்.

காப்பித்தூள் நிறம் நல்லது. காய்ந்த கரி, விரலில் மை போல ஒட்டினால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, பிசுக்காக, கறுப்பாக இருந்தால் ஆயில் எரிகிறது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் சூடேறும், இப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். பழைய 100 சிசி வண்டிகளில் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

8. புகையின் நிறம், வரும் நேரம்

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. புகை எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் துணியைச் சைலன்சர் முனையில் இருந்து ஒரு சாண் தள்ளி ஒரு நிமிடம் பிடியுங்கள். காய்ந்த கரி படிந்தால் பெட்ரோல். எண்ணெய்க் கறை படிந்தால் ஆயில். ஈரம் மட்டும் என்றால் தண்ணீர். கண் ஏமாறும் இடத்தில் துணி ஏமாறாது.

கரும்புகை என்றால் 5, 6ஆம் பகுதிகளுக்குத் திரும்பிப் போங்கள். கரும்புகைக்காக என்ஜினைப் பிரிக்கவே கூடாது.

வெண்புகை குளிர்ந்த காலையில் இரண்டு மூன்று நிமிடம் வந்து மறைந்தால் அது நீராவி. வாட்டர் சர்வீஸ் விட்ட வண்டியிலும் வரும். கார் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாசத்தோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா, ஆயில் மூடியின் அடியில் பால் ஏடு போலப் படிந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் இருந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறது. ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.

காற்றில் ஆறுகிற பைக் என்ஜினில் கூலண்ட்டே கிடையாது. அதனால் ஸ்பிளெண்டருக்கு "தண்ணி இறங்குது, கேஸ்கட் போச்சு" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சூடான பிறகும் அதில் வெள்ளையாக வருவது பெரும்பாலும் ஆயில், அல்லது பெட்ரோலில் கலந்த தண்ணீர்.

நீலப்புகைதான் கவனமாகப் பிரிக்க வேண்டியது. வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) போனாலும் நீலம், ரிங் போனாலும் நீலம். செலவில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆன நொடியில் ஒரு கொத்து நீலப்புகை விட்டுவிட்டுத் தெளிந்தால் வால்வு சீல். இரவு முழுக்க ஆயில் வால்வுத் தண்டு வழியே சொட்டி நின்றது முதலில் எரிகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து, கீழே வந்ததும் முறுக்கும்போது புகை விட்டாலும் அதே சீல்தான். மூடிய ஆக்சிலேட்டரில் உள்ளிழுப்பு அதிகமாகி ஆயிலை வால்வு வழியாக உறிஞ்சும்.

நேர்மாறாக, பாரம் ஏற்றி மேடு ஏறும்போது விடாமல் நீலம் வந்தால் ரிங் அல்லது போர். ஆயில் மூடியைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால், அங்கே புஸ்புஸ் என்று புகை தள்ளும்.

தொப்பூர் கணவாய் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சேலம் பக்கம் இறங்கி முடித்து முறுக்கும்போது புகை என்றால் சீல், திரும்ப தர்மபுரிக்கு ஏறும்போது புகை என்றால் ரிங். ஆனால் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருகிற அந்தப் பாதைக்குச் சோதனைக்காகப் போக வேண்டாம். அந்த வழியாகப் போகிற வேலை இருந்தால், பின்னால் இன்னொரு வண்டியில் வருகிறவரைக் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊருக்குள் ஏதாவது ஏரிக்கரை மேடு போதும்.

9. டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குத் தனிக் கணக்கு

பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல், ஆர்எக்ஸ், பழைய சேடக் எல்லாம் பெட்ரோலோடு 2டி ஆயிலையும் எரிக்கிறவை. கொஞ்சம் நீலப்புகை அவற்றுக்கு இயல்பு. 8ஆம் பகுதியை இவற்றுக்கு அப்படியே பொருத்தாதீர்கள், இவற்றில் வால்வு சீல் என்பதே இல்லை.

முதலில் ஆயில் அளவு. ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. சந்தைக்கு மூட்டை ஏற்றுகிற எக்ஸ்எல்காரர்கள் "பாரம் அதிகம், கூட ஊத்தினா நல்லது" என்று இரட்டிப்பாக ஊற்றுகிறார்கள். என்ஜினுக்கு அதனால் லாபமில்லை. பிளக் நனையும், சைலன்சருக்குள் கரி கட்டும். கரி கட்டினால் புகை வெளியேற வழியின்றி வண்டி இழுக்காது. அதையும் "சோக் ஆயிடுச்சு" என்றுதான் சொல்கிறார்கள், கார்புரேட்டரைப் பிரித்துவிடுகிறார்கள். சைலன்சர் முனையில் கையை எட்ட வைத்துப் பாருங்கள். காற்று விட்டு விட்டு வலுவாகத் தள்ள வேண்டும்.

ஆயில் அளவு சரி, ஆனாலும் ஊரே மறைக்கிற புகை என்றால் கியர் ஆயிலை அளந்து பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் கியர் ஆயில் குறைந்தால், கிராங்க் ஷாஃப்டில் கிளட்ச் பக்க ஆயில் சீல் போய், கியர் ஆயில் எரிய வருகிறது. எதிர்ப்பக்கம், மேக்னெட் சீல் போனால் புகை கூடாது. காற்று புகுந்து ஸ்லோ தாறுமாறாக ஏறும். அது இன்னும் ஆபத்து, பிஸ்டன் பிடிக்கும்.

10. டீசல் என்றால்

சோக் கிடையாது. காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், குளிர்ந்த என்ஜினை உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். காலையில் கண்ணைக் கரிக்கிற வெண்புகை எரியாத டீசல்: ஹீட்டர் பிளக், பம்ப் டைமிங், குறைந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு) என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மாங்காய் லோடு ஏற்றி மேட்டில் கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், பிறகு இன்ஜெக்டர். பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டினால் இழுவை வரும் என்று செய்து வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

11. புகைச் சான்றிதழ்ச் சீட்டைப் படியுங்கள்

சீட்டை வாங்கி மடித்து வைத்துவிடுகிறோம். அதில் இருக்கும் எண்கள் இலவசமான சோதனை. 2000 மார்ச்சுக்குப் பின் வந்த பழைய டூவீலருக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை போகலாம். ஹைட்ரோகார்பன் (எரியாத எரிபொருள்) ஃபோர் ஸ்ட்ரோக்கில் 4500, டூ ஸ்ட்ரோக்கில் 6000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை. அதற்கு முன் வந்தவற்றுக்கு 4.5 சதவீதம், 9000.

கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் பெட்ரோல் அதிகம்: சோக், ஃபில்டர், ஃப்ளோட். அது சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் கூடினால் தீப்பொறி விட்டுப் போகிறது, அல்லது ஆயில் எரிகிறது. என்ஜினைச் சூடாக்கிய பிறகே சோதிக்கச் சொல்லுங்கள். சோக் பாதி போட்ட நிலையில் எடுத்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

12. போர் போடச் சம்மதிக்கும் முன்

இத்தனையும் பார்த்து, ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ரிங் என்றுதான் தோன்றினால் இதைச் செய்யுங்கள். முடிந்தால் கம்ப்ரஷன் கேஜ் உள்ள பட்டறையில் அளவெடுங்கள். பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, நான்கைந்து முறை மெதுவாகக் கிக்கரை மிதித்து, மறுபடி அளவெடுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், போர் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்தது. ஏறவில்லை என்றால் காற்று வால்வு வழியே போகிறது, ஹெட் வேலை மட்டும் போதும். ஆயிலை ஒரு ஸ்பூனுக்கு மேல் விடாதீர்கள். எரியும் இடமே நிறைந்துபோய் எந்த என்ஜினிலும் எண் ஏறிவிடும்.

ரிங் என்றே முடிவானால், என்ஜினைத் திறக்கும் நாளன்று கார்புரேட்டரையும் சோக் கேபிளையும் கூடவே கொடுத்து, சோக் முழுதாகத் திறக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு எடுத்து வாருங்கள். மறுநாள் காலை, குளிர்ந்த என்ஜினில், பழைய நோட்டை எடுத்துக்கொண்டு 4ஆம் பகுதியை மறுபடி செய்யுங்கள். புது ரிங் படியும் வரை முதல் சில நூறு கிலோமீட்டர் லேசாக நீலம் வரும். நாளாக ஆகக் குறைந்துகொண்டே வர வேண்டும்.